கறுப்பு இறக்கைக்கு வலப்பக்கம்

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் மேசையில் அவளுடைய மாடல் ராக்கெட்டைக் காணவில்லை. பதினான்கு மாத உழைப்பு அது. யாராவது இடித்துத் தள்ளிவிட்டார்களோ என்று மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். மாடல் செய்கிறவர்கள் சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சி. ஒரு பள்ளிக்கூடத்தின் இறகுப்பந்து அரங்கம்; தரையில் வெள்ளைக் கோடுகள், கோடுகளின் மேல் மூன்று நீள மேசைகள். முதல் மேசையில் 'வரலாறு', இரண்டாவதில் 'இன்றைய விமானங்கள்', கழிப்பறைக்குப் போகும் வழியில் போட்டிருந்த மூன்றாவதில் 'கற்பனை'. ராக்கெட் மூன்றாவது மேசையில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அவளே செய்த ஊதா நிற விண்கப்பல். முன்னால் ஓர் அட்டை, அச்சடித்தது போன்ற கையெழுத்தில்: "கதவு தவறான பக்கத்தில் உள்ளது. இப்படி ஒரு ராக்கெட் உலகில் எங்கும் பறந்ததில்லை. ஆகவே கற்பனைப் பிரிவு."

இது போன வருடத்துக் கதை. ஊதாக் கப்பல் அந்த மேசையில் இருப்பதில் அவளுக்கு வருத்தமே இல்லை. விண்வெளிக் கதைகளைப் பள்ளி நாளிலிருந்து விழுந்து விழுந்து படித்தவள். வயிற்றுக்குள் ஒரு முழுத் தோட்டத்தைச் சுமந்துகொண்டு போகும் அந்தக் கப்பல் அவள் மனதில் முளைத்தது, அதற்கு அதுதான் இடம். ஆனால் ராக்கெட் நிஜமாகப் பறந்தது. ஒரு நிஜத்தைப் பார்த்து நீ நடக்கவே இல்லை என்று எழுதி வைத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ராக்கெட்டின் பெயர் 'சிட்டு'. நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால், மேல்வானத்துக் காற்றை அளப்பதற்காக மூன்றே முறை ஏவினார்கள். மூன்றும் கடலில் விழுந்தன. அப்புறம் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். வரைபடங்கள் என்னவாயின என்று யாருக்கும் தெரியாது. மிஞ்சியது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். நான்கு இறக்கைகளில் கறுப்படித்த ஒன்று முன்னால் தெரிய, அதற்கு இடப்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, கதவருகே சிரித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆள். சிட்டு மாடல் செய்கிற யாரானாலும் அந்தப் படத்தை வைத்துத்தான் செய்ய வேண்டும். முதலில் செய்தவர் சங்கத்தின் நடுவர்; அந்த அட்டையை எழுதியவரும் அவர்தான். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருப்பதால் அவருக்கு ஸ்கேல் சார் என்றே பெயர். மூன்று வருடம் எடுத்து ஆணிக்கு ஆணி அளந்து செய்தார். அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர் செய்தார்கள். ஏழிலும் கதவு இடப்பக்கம்.

அவள் வேலை பார்ப்பது பல் செய்யும் லேபில். மெழுகும் பிளாஸ்டருமாகப் பத்தொன்பது வருடம். எதிரே வைத்த அச்சில் நோயாளியின் வலப்பக்கம் அவளுடைய இடது கைப் பக்கம் இருக்கும். சேர்ந்த முதல் மாதம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பக்கம் மாற்றிச் செய்து அனுப்பி, டாக்டரிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் இது எந்தப் பக்கம் என்று கேட்கிற புத்தி ஒட்டிக்கொண்டது. சிட்டின் படத்தைப் பார்த்தபோதும் அந்தப் புத்தி கேட்டது. அந்த ஆளின் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. கடிகாரமும் வலது கையில். படச்சுருளைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள் என்று அவளுக்குச் சட்டென்று புரிந்தது. அதனால்தான் அவள் சிட்டில் கதவு வலப்பக்கம்.

அட்டையைப் பார்த்த கையோடு ஸ்கேல் சாரிடம் போய் இதைச் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"தையல்காரன் மாத்தித் தெச்சிருப்பான். அந்த ஆளு இடதுகைக்காரரா இருப்பாரு. ஒரு சட்டைப் பாக்கெட்ட நம்பி ராக்கெட்டோட கதவ மாத்தச் சொல்றீங்களேம்மா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்ன கொண்டு வந்தா ஒத்துக்குவீங்க சார்?"

"அளக்கற மாதிரி ஏதாவது கொண்டு வாங்க" என்றார் ஸ்கேல் சார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் ராக்கெட் பெட்டியைக் கணவன்தான் மடியில் வைத்துக்கொண்டான். லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பெட்டிக்கு 'மூத்த பிள்ளை' என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

"கதவப் பேத்து அந்தப் பக்கம் ஒட்டிட்டா முடிஞ்சுபோச்சு. அரைமணி நேர வேலை. எதுக்கு அவரோட மல்லுக்கட்டற?"

"உங்க லிஃப்ட்ல கதவு இல்லாத பக்கத்துல கதவு மாட்டச் சொன்னா மாட்டுவீங்களா?"

அவன் பெட்டியை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டான். மூன்று நாள் கழித்து, அந்தப் படத்தில் முகம் மட்டும் பெரிதாக வருகிற மாதிரி நாற்பது பிரதி வேண்டும் என்றான். "இந்தச் சிரிப்புக்காரரைத் தெரியுமா?" என்று மேலே எழுதி, கீழே தன் நம்பரைப் போட்டு, தான் பார்க்கும் லிஃப்டுகளுக்குள் ஒட்டிவிட்டு வந்தான். "லிஃப்டுக்குள்ள நிக்கறவங்களுக்கு வேற என்ன வேல? ஒண்ணு கண்ணாடியப் பாப்பாங்க, இல்ல இதப் படிப்பாங்க." கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன்மேல் அன்று வந்த பிரியம் என்றைக்கும் வந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

முகத்தைப் பெரிதாக்கியதில் ஒரு லாபம். அந்தச் சிரிப்பில் ஒரு பல் மட்டும் மின்னியது. மேல்வரிசையில் வலப்பக்கக் கோரைப்பல். அதன்மேல் உறை மாதிரி ஒரு பூண், அநேகமாகத் தங்கம். விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டுகூடத் தெரிந்தது. கடிகாரத்தைக் கைமாற்றிக் கட்டலாம், பல்லை மாற்ற முடியாது. ஆள் மட்டும் கிடைத்து வாயைத் திறந்தால் போதும், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

அழைப்புகள் வந்தன. ஒருவர் அது தன்னுடைய பழைய மேலதிகாரி என்று அடித்துச் சொன்னார். ஓர் அம்மாள், பாவம் எப்போது காணாமல் போனார் என்று கேட்டு அழுதேவிட்டாள். ஏழாவது மாதம் ஒரு பெண் கூப்பிட்டாள். "அது எங்க மாமனாரு. ஏன், என்ன பண்ணிட்டாரு?"

ஒன்பதாவது மாடி. பெரியவருக்கு எண்பது தாண்டியிருக்கும்; அந்தக் காலத்து ஃபிட்டர். கதவைத் திறந்து சிரித்தார். அச்சில் வார்த்த மாதிரி ஒரே சீரான வரிசை. அவள் இடிந்துபோனாள். முழுப் பல்செட். அதுவும் அவசரத்தில் செய்தது என்று அந்த நிலையிலும் அவள் கண் சொன்னது.

"எல்லாத்தையும் புடுங்கிப் பத்து வருஷம் ஆச்சும்மா" என்றார் பெரியவர். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "கதவு வலப்பக்கம்தான். மூடினதே நான்தானே. ஸ்க்ரூ ஒண்ணு கீழ விழுந்து, அதத் தேடி எடுத்துட்டு நிமிந்தேன், அப்ப எடுத்த போட்டோ இது. அதான் இந்தச் சிரிப்பு."

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் ஞாபகத்தை ஸ்கேல் வைத்து அளக்க முடியாதே. அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, அவர் உள்ளே போய் ஒரு தைல டப்பாவோடு வந்தார்.

"தங்கப்பல்ல மட்டும் தூக்கிப் போட மனசு வரல."

டப்பாவுக்குள் பஞ்சில் அந்தப் பூண் இருந்தது. அவள் அதை விரல்நுனியில் எடுத்து, இப்படியும் அப்படியுமாக இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். பிறகு யார் வீட்டில் இருக்கிறோம் என்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்தாள். மருமகள் பயந்துபோய் மாமனாரைப் பார்த்தாள்.

இந்த வருடம் அவள் கதவைத் தொடவில்லை. அதே ராக்கெட், அதே பெட்டி; ஊதாக் கப்பலை முந்தின நாளே கொண்டுவந்து மூன்றாவது மேசையில் வைத்தாயிற்று. கூடுதலாக லேபில் கிடந்த யாருடையதோ ஒரு பிளாஸ்டர் பல்வரிசை, தைல டப்பா, இஸ்திரி போட்ட சட்டையில் பெரியவர். அரங்கத்துக்குள் நுழைந்ததும் நேராக ஸ்கேல் சாரிடம் போய் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தாள்.

"அளக்கற மாதிரி கொண்டு வரச் சொன்னீங்க சார். கோரைப்பல்லோட நுனிக்கு ரெண்டு சரிவு உண்டு. சின்னச் சரிவு மூக்குப் பக்கம், பெரிய சரிவு காதுப் பக்கம். இந்தப் பிளாஸ்டர்ல ரெண்டு பக்கமும் பாத்துக்கோங்க. அப்புறம் பூண அளங்க."

ஸ்கேல் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஸ்கேலை எடுத்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் பிளாஸ்டரை அளந்தார். பூணை அளந்தார். சின்னச் சரிவு மூன்று மில்லிமீட்டர், பெரியது நான்கேகால். வெளிப்புறத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, வலப்பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் பார்த்தார். சரிவுகள் எதிரும் புதிருமாக நின்றன. இடப்பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் பார்த்தார். சரிவுக்குச் சரிவு சேர்ந்தது.

"இது இடப்பக்கத்துப் பல்லு" என்றார் மெதுவாக. "படத்துல வலப்பக்கம் இருக்கு." சற்று யோசித்தார். "இது அந்தப் பல்லுதான்னு எப்படிச் சொல்றது?"

"விளிம்புல வெட்டு இருக்கும் பாருங்க" என்றார் பெரியவர். "வயர அந்தப் பல்லாலதான் உரிப்பேன். சூப்பர்வைசர் தெனமும் திட்டுவாரு."

பெரிதாக்கிய படத்தையும் பூணையும் ஸ்கேல் சார் மாற்றி மாற்றிப் பார்த்தார். வெட்டு, நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி, பெரிய சரிவில். படத்திலும் பெரிய சரிவில்தான். அவர் மூன்றாவது முறையாகவும் அளந்தார். பிறகு ஸ்கேலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவளுடைய ராக்கெட்டைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்தார். முதல் மேசையின் நடுவில் கொண்டுபோய் வைத்தார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கோ பார்த்தான். அவனுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

ஸ்கேல் சார் அதே மேசையில் இருந்த தன்னுடைய சிட்டை எடுத்தார். மூன்று வருடத்து உழைப்பு. அவரே அதை மூன்றாவது மேசைக்குச் சுமந்து போனார். புது அட்டை ஒன்றில் அச்சடித்தது போன்ற அதே கையெழுத்தில் "உலகில் எங்கும் பறந்ததில்லை" என்று எழுதி அதன் முன்னால் சாய்த்து வைத்தார். மற்ற ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையாகக் கழிப்பறைப் பக்கம் நடந்தார்கள்.

கணவன் செல்பேசியை நீட்டி, பெரியவரையும் அவளையும் சிட்டையும் சேர்த்துத் தானும் தலையை நுழைத்துக்கொண்டான். திரையில் கதவு இடப்பக்கம் தெரிந்தது.

"நிறுத்துங்க. இப்படி எடுத்தா மறுபடியும் மாறிடும்."

ஸ்கேல் சார் வந்து போனை வாங்கி, திருப்பிப் பிடித்து, தானே எடுத்தார். எடுத்ததைப் பெரிதாக்கிச் சரிபார்த்த பிறகுதான் கொடுத்தார். பெரியவர் மெல்ல நடந்து மூன்றாவது மேசைப் பக்கம் போயிருந்தார். முதுகுக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு ஏழு ராக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்காங்க. இதெல்லாம் எங்க பறந்துச்சு?"

"இன்னும் பறக்கல ஐயா" என்றார் ஸ்கேல் சார்.

நடுவில் ஊதாக் கப்பல் தன் தோட்டத்தோடு காத்திருந்தது. அதைச் சுற்றி ஏழு சிட்டுகளும் இடப்பக்கக் கதவோடு, மூக்கைக் கூரையை நோக்கித் தூக்கிக்கொண்டு நின்றன.