சந்து முனையில் கார்

பிள்ளையார்பாளையத்து முட்டுச்சந்தில் கடைசி வீடு சிவபாலனுடையது. வாடகைக் கார் ஓட்டுகிறவன். விடியற்காலை ஏர்போர்ட் சவாரிதான் அவனுக்குச் சோறு போடுவது. அதே விடியற்காலையில்தான் முனை வீட்டுக் கைலாசம் கஞ்சி போட்டுக் காயவைக்க, தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவைச் சந்து நீளத்துக்கும் நீட்டுவார். அது காயும்வரை சைக்கிளே போக முடியாது, கார் எங்கே போகும்? "சித்தப்பா, சித்தப்பா" என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், சவாரிகள் கைநழுவத் தொடங்கியதும் "அந்த ஆளு" என்று மாற்றிக்கொண்டான்.

"அந்த ஆளு மேல கேஸ் போடு ஜீவிதா. வக்கீலைக் கட்டிக்கினு நான் வாசல்லயே நின்னுக்கினு இருக்கணுமா?"

ஜீவிதாவுக்குத் தர்மசங்கடம். அவளுடைய கல்யாணப் புடவையே கைலாசம் நெய்ததுதான். ஆனாலும் கட்டினவன் பிழைப்பாயிற்றே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து, பழைய சட்டங்களையும் தீர்ப்புகளையும் ஏற்றி வைத்திருக்கும் இணைய நூலகத்துக்குள் நுழைந்தாள். நெசவு என்று தேடினால் வரியும் சங்கமும் வந்தன. தெருவை மறிப்பது என்று தேடினால் ஊர்வலமும் பந்தலும் வந்தன. சலித்துப்போய் மாட்டுவண்டி என்று போட்டாள். ஓரம் அரித்த ஒரு பழைய தீர்ப்பு திரையில் வந்தது. வெள்ளைக்காரன் காலம், இதே ஊர். பாவு நீட்டுகிறவர்கள் மேல் ஒரு வண்டிக்காரர் வழக்குப் போட்டிருந்தார்!

குஷியாகப் படித்தவளுக்குப் பாதியிலேயே முகம் விழுந்துவிட்டது. வண்டிக்காரர் தோற்றிருந்தார். வெயில் ஏறும்வரை தெரு பாவுக்குத்தான், அது நெடுநாள் வழக்கம் என்று எழுதியிருந்தது. இன்றைக்கு இது செல்லுமா என்பது வேறு பேச்சு. பேசாமல் பக்கத்தை மூடிவிட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பினால் கைலாசம் பயந்து அடங்கிவிடுவார். அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. மிச்சத்தையும் படித்தாள். பிறகு எழுந்துபோய்க் கைலாசத்தைக் கையோடு கூட்டி வந்தாள்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் கடைசிவரை வாசித்தாள். வண்டியை முந்தின இரவே சந்து முனையில் நிறுத்திவிட வேண்டும். பாவு நீட்டுகிறவர் விடியும்வரை அதற்குக் காவல் இருக்க வேண்டும் என்று முடிந்திருந்தது தீர்ப்பு.

"அங்க வுட்டா எவனாவது கண்ணாடிய ஒடச்சிட்டுப் போவான்" என்றான் சிவபாலன்.

"முனையில இருக்கறது என் வூடுதானேபா? கஞ்சி காய்ச்ச இருட்டுலயே எழுந்துடறேன். ஒரு வார்த்த கேட்டியா?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

ஜீவிதா டீ போட உள்ளே போனாள்.

மறுநாள் விடியலில் முனையிலிருந்து ஒரே கத்தல். நீட்டிய பாவின் ஓரமாகச் சுவரை ஒட்டி ஜீவிதா ஓடினாள். இரவே முனையில் விட்டிருந்த காரின் முன் கண்ணாடியில் ஐந்து விரலும் தெரிய வெள்ளையாகக் கஞ்சி அப்பியிருந்தது. பாவுக்குப் பக்கத்தில் நின்ற கைலாசம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"காவல் இருன்னா காருக்கும் சேத்து கஞ்சி போட்டு வெச்சிருக்கியே சித்தப்பா!" என்று கத்திக்கொண்டிருந்தான் சிவபாலன்.