நல்லம்மாவை நனைக்காத அருவி

1961 ஐப்பசியில் நல்லம்மா பெரிய அருவிக்கடியில் நெடுநேரம் நின்றுவிட்டு, முடியில் ஒரு சொட்டு ஈரமில்லாமல், காய்ந்த சேலையோடு வெளியே வந்தாள். அந்த மாதம் தெல்தெனியச் சந்தையில் வெண்டிக்காய் மலிவு. இன்றைக்குத் தேசியப் பூங்கா என்று வாசலில் டிக்கட் கிழிக்கிறார்களே, அந்த மலைக்காட்டு அருவிதான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கும். அவளை அங்கே கூட்டிப் போனது அண்ணன் பழனியாண்டி. புருஷன் செத்தவளை ஓடுகிற தண்ணீரில் தலைமுழுக வைத்துத்தான் அந்தத் தேயிலைத் தோட்டத்துச் சனம் தாலியை இறக்கும். புருஷன் இருளப்பன், மகாவலி ஆற்றில் கவிழ்ந்த லொறியோடு போய்விட்டான் என்று ஊரே நம்பியது. பிணம் மட்டும் கிடைக்கவில்லை.

"தண்ணி என்னைத் தொட மாட்டேங்குதுண்ணே. அவரு இருக்காரு" என்று தாலியைக் கையால் பொத்திக்கொண்டாள். தாலி அவள் கழுத்திலேயே இருந்தது.

இருளப்பன் வீட்டைவிட்டுப் போனதற்குக் காரணம் ஒரு துண்டு. பழனியாண்டி மகள் காதுகுத்தில் எல்லா மச்சானுக்கும் துண்டு போர்த்தினார்கள், இருளப்பனை மறந்துவிட்டார்கள். மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம். நல்லம்மா சும்மா இருந்திருக்கலாம். அண்ணனுக்குப் பரிந்துகொண்டு, "போறதுன்னா அப்படியே போயிருங்க" என்று சொல்லித் தொலைத்தாள். ரோஷக்காரன், போயே விட்டான். அந்தச் சொல் அவளை உள்ளுக்குள் அரித்துத் தின்றது. வருஷா வருஷம் ஐப்பசியில் அருவிக்குப் போய் நின்று பார்ப்பாள். நனையவில்லை என்றால் ஆள் இருக்கிறான் என்று நிம்மதியாக பஸ் ஏறுவாள்.

இருளப்பனோ அந்த லொறியில் ஏறவே இல்லை. புத்தளத்தில், மஹ்மூத் முதலாளியின் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தான். அங்கே வருஷத்துக்கு ஒருநாள், மழை விட்டு வெயில் கொளுத்தும்போது, அவன் ஒருத்தன் தலையில் மட்டும் தண்ணீர் கொட்டும். ஐஸாய்க் குளிர்ந்த தண்ணீர். உள்ளே மலைப்பாசி வேறு. பக்கத்தில் குவித்த உப்பெல்லாம் கரைந்து போகும். ஒன்பதாவது முறை குவியல் கரைந்தபோது முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "ஒன்ட ஊட்டு ஆக்கள்தான் ஊத்துறாங்க. போய் என்னெண்டு பாத்துட்டு வா!" என்று விரட்டினார்.

வந்தான். நல்லம்மா அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி என்னைய வருஷா வருஷம் நனைக்கிற?"

"ஒன்பது வருஷமா ஏங்க வரல?"

"நீதான போகச் சொன்ன."

"பொண்டாட்டி ஆயிரம் சொல்லுவா. அதுக்கு இப்படியா?" என்றவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ரொட்டி கருகிப் போயிற்று. கருகினதையே இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

பிள்ளைகள் பிறந்தார்கள், கல்யாணம் கட்டிக்கொண்டு கொழும்புப் பக்கம் போனார்கள். காடு பூங்காவாயிற்று. இருளப்பனுக்குக் கையும் காலும் விழுந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக் குளிப்பாட்ட நல்லம்மாவுக்கு ஏது தெம்பு? யோசித்தாள், பஸ் ஏறினாள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவள் அருவிக்குப் போவாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் றோஸ் அவனை வாசல் கட்டிலில் சாய்த்து, சவுக்காரத்தோடு காத்திருப்பாள். தண்ணீர் கொட்டத் தொடங்கும். றோஸ் முதுகைத் தேய்த்துவிட்டு, தலைக்கும் போடுவாள். பூங்காவுக்கு வந்த சனம் படம் பிடிக்கும். அதற்கு நடுவே, நனையாத ஒரு கிழவி அருவிக்கடியில் நின்று, "கண்ண மூடிக்கங்க, சவுக்காரம் பட்டுறும்" என்று சத்தமாகச் சொல்வாள்.

வீட்டில் இருளப்பன் கண்ணை மூடிக்கொள்வான்.