நீலக் கடையில் ஒரு காபி

கட்சி இரண்டு ஜனாதிபதித் தேர்தல்களில் தோற்றிருந்தது. மூன்றாவதற்குச் சொந்தமாக ஆள் கிடைக்காவிட்டால் வேறு கட்சிக்காரருக்குக் கைதூக்க வேண்டியதுதான். ஆளை முடிவு செய்யத் தலைமைக் குழு மறுநாள் காலை தலைநகர் நிக்கோசியாவில் கூடுகிறது. வேட்பாளராக டாக்டர் எவெல்தோனைக் கண்டுபிடித்தவர் மாவட்டச் செயலாளர் லோயிசோஸ். முப்பது வருடம் லண்டனில் இதயங்களை அறுத்துத் தைத்துவிட்டுத் தீவுக்குத் திரும்பியவர் டாக்டர். யாரோடும் பகை இல்லை.

"நம்ம ஆளுங்க யாரை நிறுத்தினாலும் போடுவாங்க. அந்தப் பக்கத்துக்காரன் போடுவானா? அதைப் பார்த்துட்டு எனக்குச் சொல்லு" என்றிருந்தார் கட்சித் தலைவி ஆண்ட்ரூல்லா.

அதைப் பார்க்க லோயிசோஸுக்கு ஒரே வழிதான் தெரியும். அவருடைய ஊரில் சர்ச்சுக்கு இடப்பக்கம் அவருடைய கட்சியின் சிவப்புக் காபிக்கடை, வலப்பக்கம் எதிரணியின் நீலக் காபிக்கடை. பிறந்ததிலிருந்து அவர் நீலக் கடைப் படி ஏறியதில்லை. தம்பி பனாயிஸ் மட்டும் ஒரு தேர்தல் சண்டையில் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குக் குடிபோனான். அதன்பிறகு அண்ணனும் தம்பியும் கல்யாணத்திலும் சாவிலும்தான் பேசிக்கொண்டார்கள். இப்போது அந்தக் கடையில் பனாயிஸ் வைத்ததுதான் சட்டம். அவன் ஒருவருக்குக் காபி சொன்னால் மற்றவர்களும் சொல்வார்கள். அவனே சொல்லிவிட்டால், டாக்டர் ஜெயிக்கிற குதிரை.

காரில் வரும்போது லோயிசோஸ் டாக்டருக்குப் பாடம் எடுத்தார். "அரசியல் பேசாதீங்க. ஆபரேஷன் கதை வேண்டாம். மழை எப்படின்னு கேளுங்க, ஆலிவ் காய்ப்பைக் கேளுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நீலக் கடைக்குள் இருவரும் நுழைந்ததும் பகடை உருட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"வழி தவறிட்டியா லோயிசோஸ்? உங்க கடை சர்ச்சுக்கு அந்தப் பக்கம் இருக்கு" என்றார் மூலையிலிருந்த கிழவர். சிரிப்பு எழுந்தது.

"அங்க காபி கசக்குது மாமா" என்றபடி லோயிசோஸ் உட்கார்ந்தார். கிழவர்கூடச் சிரித்துவிட்டார்.

டாக்டர் மழையைக் கேட்டார். ஆலிவைக் கேட்டார். ஆட்கள் நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினார்கள். பனாயிஸ் அண்ணனைப் பார்க்கவில்லை. டாக்டரை வெகுநேரம் பார்த்தான். பிறகு கடைக்காரரிடம் தாடையை லேசாக அசைத்தான்.

ஒரு சின்னக் கோப்பையும் ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீரும் டாக்டர் முன்னால் வந்தன. "பனாயிஸ் கணக்குல" என்றார் கடைக்காரர்.

லோயிசோஸுக்கு மூச்சு வந்தது. நாளைக்குச் சொல்ல வேண்டியது கிடைத்துவிட்டது.

டாக்டர் பனாயிஸைப் பார்த்துப் புன்னகைத்தார். கோப்பையை இரண்டு விரலால் மேசையின் நடுவுக்குத் தள்ளினார். "ரொம்ப நன்றிங்க. மதியத்துக்கு மேல நான் காபி தொடறதில்லை. உங்க முகத்தைப் பார்த்தா பிரஷர் இருக்கும்போல, நீங்களும் விட்டுடுங்க." தண்ணீரை மட்டும் குடித்தார்.

திரும்பிய நாற்காலிகள் பழையபடி திரும்பிக்கொண்டன. பகடை உருண்டது.

ஒருவர் வாங்கித் தந்த காபியைத் தள்ளக் கூடாது என்பதை யாருக்காவது சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று லோயிசோஸுக்குத் தோன்றியதே இல்லை.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, காரில் காத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனார். கோப்பை மேசை நடுவில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பனாயிஸின் காது சிவந்திருந்தது. சிறுவயதில் அப்பாவிடம் அடி வாங்கும்போது அப்படித்தான் சிவக்கும். லோயிசோஸ் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். சர்க்கரையே இல்லாத காபி. அடிமண்டிவரை குடித்து முடித்தார்.

பனாயிஸ் கடைக்காரரைக் கூப்பிட்டான். "எங்க அண்ணனுக்கு வேற ஒண்ணு போடு. அரைச் சர்க்கரை."

அப்போது போன் அடித்தது. ஆண்ட்ரூல்லா. கடை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. லோயிசோஸ் வெளியே போகவில்லை.

"என்னப்பா, நம்ம ஆள் பலமானவர்தானே?"

"இதயம் நல்லா இருக்கு. நூறு வயசு இருப்பார்."

"ஜெயிப்பாரா?"

"மாட்டார்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அப்ப யாருய்யா?"

புதுக் காபி வந்துவிட்டது. ஆறவிடுவது மரியாதை இல்லை என்று லோயிசோஸ் போனை வைத்தார்.