சைக்கிளுக்கு விட்ட இடம்

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு லெஸ்லி ஓக்டன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, கதவின் துளை வழியாகத் தபால் விழுந்தது. மின்கட்டண ரசீது ஒன்று, பீட்சாக் கடை விளம்பரம் ஒன்று, கடைசியில் போலீஸ் இலாகாவின் பழுப்பு உறை. கார் அவன் பெயரில் இருந்ததால் கடிதமும் அவன் பெயருக்கே வந்திருந்தது.

"யுவோன், இதைப் பாரு. போன செவ்வாய்க்கிழமை காலைல எட்டு பன்னெண்டுக்கு, ஸ்டேஷன் சிக்னல்ல நம்ம கார் சிவப்பு விளக்குல சைக்கிள்காரங்க இடத்துல நின்னுச்சாம். யாரோ தலைக்கவசக் கேமராவுல பிடிச்சு அனுப்பியிருக்காங்க."

யுவோன் கண்ணாடி முன்னால் காதணி மாட்டிக்கொண்டிருந்தாள். வீடு விற்றுக்கொடுக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பிரிஸ்டல் நகரத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நாளெல்லாம் காரில் ஓடி வீடு காட்டுவாள்.

"அதுக்கெல்லாம் கடுதாசியா? திருட்டுப் பசங்களைப் பிடிக்க ஆள் இல்லை, இதுக்கு ஆள் இருக்கா?"

"நூறு பவுண்டு அபராதம். லைசென்ஸ்ல மூணு புள்ளி."

காதணி அவள் கையிலிருந்து நழுவியது. வேகமாகப் போனதற்கு மூன்று முறை மாட்டி, ஏற்கெனவே ஒன்பது புள்ளி வாங்கியிருந்தாள். பன்னிரண்டு ஆனால் ஆறு மாதம் வண்டியைத் தொட முடியாது. லெஸ்லியின் லைசென்சில் இருபத்தெட்டு வருஷமாக ஒரு புள்ளிகூட இல்லை. அவள் சொல்லப்போவது என்ன என்று அவள் வாய் திறக்குமுன்னே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஓட்டினது யாருன்னுதானே கேக்குறாங்க? நீன்னு எழுதிடு, லெஸ். உனக்கு மூணு புள்ளி ஏறினா குடியா முழுகிடும்?"

"பொய் எழுதினா ஜெயில்னு கீழயே போட்டிருக்கான்."

"எவன் வந்து பாக்கப்போறான்? நான் கொலையா பண்ணிட்டேன்? ரோட்டுல அடிச்ச சாயத்து மேல நாற்பது செகண்டு நின்னேன். அவ்வளவுதான்." அவள் காதணியைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு, அவன் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுக் கிளம்பினாள். "சாயந்தரத்துக்குள்ள எழுதிடு, கண்ணு."

லெஸ்லிக்கு மறுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. சாயம்தானே. கார்கள் நிற்க ஒரு வெள்ளைக்கோடு. அதற்கும் முன்னால் ஒரு கார் நீளத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி, நடுவில் சைக்கிள் படம் ஒன்று வரைந்து, இன்னொரு கோடு. ஊரில் யார் அதைப் பார்க்கிறார்கள்? கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனான்.

கடையில் கூட வேலை செய்யும் கேவின் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "யோவ், இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? எம் பொண்டாட்டிக்காக நான் ரெண்டு தடவை வாங்கிக்கிட்டேன். சைக்கிள்ல போறவனுங்களுக்கு ரோடே அவனுங்க அப்பன் போட்டதுன்னு நெனப்பு. எழுதித் தள்ளுய்யா."

லெஸ்லியும் சிரித்தான். இப்படிப்பட்ட பேச்சுக்கு அவன் சிரிக்காத நாள் கிடையாது.

மதியம் சாப்பாட்டு வேளையில், கார் எந்த வரிசையில் நின்றது, எந்தப் பக்கம் போனது என்று தெரிந்தால்தானே பொய்யைக்கூட ஒழுங்காக எழுதலாம் என்று, கடிதத்தில் கொடுத்திருந்த இணைய முகவரியில் போய், போனில் அந்தக் கேமராப் படத்தைத் திறந்தான்.

சைக்கிளின் கைப்பிடி தெரிந்தது. முன்கூடையில் சாப்பாட்டுப் பை ஒன்று. கைப்பிடியில் இரண்டு கைகள். நீலச் சீருடையின் சட்டைக்கை. பள்ளிக்கூடச் சமையலறையில் போடுவார்களே, அந்தச் சீருடை. சைக்கிள் இடது ஓரமாகவே ஊர்ந்து சிக்னலை நெருங்கியது. வெள்ளைக்கோட்டில் ஒரு பெரிய மணல் லாரி. அதற்கு முன்னால், சைக்கிள் படத்தின் மேலேயே ஏறி, அவனுடைய வெள்ளைக் கார். அதை ஒட்டி இன்னொரு கார். முன்னால் போய் நிற்க முழங்கை அளவு இடம் இல்லை. கார்க்கண்ணாடி வழியே யுவோன் உதட்டுச்சாயம் பூசுவது தெரிந்தது.

"ஐயோ, இன்னிக்குமா?" என்றது சைக்கிள்காரியின் குரல். கோபமில்லை, சலிப்புதான். லாரியின் முன்சக்கரத்துக்கும் நடைபாதைக்கும் நடுவில், இருந்த சந்திலேயே நின்றாள்.

விளக்கு பச்சையானது. வெள்ளைக் கார் நேரே போனது. லாரி இடது பக்கம் திரும்பியது.

"ஏய்! நில்லு! நில்லு!" என்று அலறல். சக்கரம் படம் முழுக்க அடைத்தது. தகரம் நசுங்கும் சத்தம். பிறகு வானம். சாம்பல் நிற வானம் மட்டும், ஆடாமல், அசையாமல். ஓரத்தில் சந்திப்புக்கு அப்பால் வெள்ளைக் கார். அதன் பின்விளக்குகள் இரண்டும் ஒரு கணம் சிவந்தன. பிறகு அணைந்தன. கார் போய்விட்டது.

யாரோ ஓடிவந்தார்கள். "அசையாதம்மா, அசையாத. உம் பேரு என்ன?"

"ரோவீனா. என் கால்... எங்கால் இருக்கா? பாத்துச் சொல்லுங்க, இருக்கா?"

லெஸ்லி கையிலிருந்த ரொட்டியைக் காகிதத்தில் வைத்துவிட்டான். வாயில் இருந்தது கீழே இறங்கவில்லை. துப்பினான்.

தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்த கேவின், "இன்னொரு தடவை போடு, அந்த விழுறதை" என்றான். "பாத்தியா? லாரிக்காரன் தப்பு. உன் வீட்டுக்காரி பத்தடி முன்னாலதானே இருக்கா? உனக்கு ஒண்ணும் இல்லை, கவலைய விடு."

கேவின் வாயில் முட்டையும் மயோனைசும் அரைபட்டுக்கொண்டிருந்தன. லெஸ்லி போனை அணைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினான். எத்தனை முறை கழுவியும் முகத்தில் என்னவோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது.

சாயந்தரம் கடை வேனில் வீட்டுக்குத் திரும்பினான். யோசனையிலேயே ஓட்டி, ஒரு சிவப்பு விளக்கில் நிறுத்திய பிறகுதான் கீழே பார்த்தான். வேனின் முன்சக்கரம் சைக்கிள் படத்தின் மேல் ஏறி நின்றது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். கால் தானாகவே அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. பின்னால் எடுக்கலாமென்றால் பின்னால் கார். பக்கக் கண்ணாடியில் கிழவர் ஒருவர் சைக்கிளோடு நின்றார். திட்டவில்லை. முறைக்கக்கூட இல்லை. பழகிப்போன முகத்தோடு, வேனுக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால் லெஸ்லிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் யுவோன் இருவருக்கும் தேநீர் போட்டு வைத்திருந்தாள். "எழுதிட்டியா?"

அவன் போனை மேசையில் வைத்தான். "முதல்ல இதைப் பாரு."

"எனக்கு எதுக்கு அது?"

"பாரு, யுவோன்."

பார்த்தாள். லாரி திரும்பிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அது லாரிக்காரன் செஞ்சது" என்றாள்.

"பிரேக் போட்டியே. எதுக்குப் போட்ட?"

"சத்தம் கேட்டுச்சு." அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கண்ணாடில பாத்தேன். ஒன்பது மணிக்கு நான் ஒரு வீடு காட்டணும். அங்க அத்தனை பேர் இருக்காங்க, யாராவது தூக்குவாங்கன்னு..."

கூடவே வாழ்ந்த இருபது வருஷத்தில் அவன் அவள்மேல் கோபப்பட்டிருக்கிறான், சலித்திருக்கிறான். இன்றுதான் முதன்முதலாகக் கூசியது. பக்கத்தில் உட்காரக்கூட உடம்பு கூசியது.

"லாரிக்காரன் கண்ணுக்கு அவ தெரியல" என்றான். "அவன் கண்ணுல படுற மாதிரி முன்னால வந்து நிக்கட்டும்னுதான் அந்த இடத்தை விட்டிருக்காங்க. அந்த இடத்துல நீ உக்காந்து உதட்டுக்குச் சாயம் பூசிட்டிருந்த."

"ஓகோ! நீ பெரிய உத்தமன்! நீ நின்னதே இல்லையா? உன் பக்கத்துல உக்காந்து எத்தனை தடவை பாத்திருக்கேன்!"

"நின்னிருக்கேன். இன்னிக்குக்கூட நின்னேன். இப்பத்தான், வர்ற வழியில." சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தான். "உன்னைப் பாத்தா வர்ற அருவருப்பு பாதின்னா, என்னைப் பாத்தா வர்றது மீதிப் பாதி. நாம ரெண்டு பேரும் நல்லவங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தோமே, அதை நெனச்சாத்தான் குமட்டுது."

பேனாவை எடுத்தான்.

"லெஸ், என் வேலை போயிடும்."

"போகலாம்."

"கட்டின பொண்டாட்டியைக் காட்டிக்கொடுக்கிறியா?"

ஓட்டியவர் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி, அந்த நிமிஷமே கொண்டுபோய்த் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். திரும்பி வந்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. மாடியில் படுக்கையறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

வண்டி ஓட்ட அவளுக்கு நீதிமன்றம் ஆறு மாதத் தடை போட்டது. வேலை போகவில்லை, வீடு காட்டும் வேலையிலிருந்து எடுத்து, அலுவலகத்தில் தொலைபேசி முன்னால் உட்கார வைத்தார்கள். அவள் அண்ணன் லெஸ்லியோடு பேச்சை நிறுத்தினான். கேவின் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "பொண்டாட்டியையே போலீஸ்ல எழுதிக்கொடுத்த மகராசன்" என்று கைகாட்டினான். லெஸ்லி தன்பாட்டுக்கு டயர் மாற்றினான். ரோவீனாவைப் பற்றிச் சந்திப்புப் பக்கத்துக் காப்பிக்கடையில் விசாரித்தான். கால் இருக்கிறது, கணுக்கால் மூன்று இடத்தில் உடைந்து இரும்பு வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். யுவோனிடம் அதைச் சொன்னபோது அவள் எழுந்து போனாள். ஏழு வாரம் அந்த வீட்டில் உப்பு கேட்கவும் கதவு சாத்தச் சொல்லவும் மட்டுமே பேச்சு நடந்தது.

எட்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. மழையில் நனைந்து யுவோன் உள்ளே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு மாடி பஸ்ல முன்சீட்டு கிடைச்சுது. அங்கேருந்து பாத்தா எல்லாம் கீழ தெளிவாத் தெரியுது, லெஸ். ஏழு சிக்னல்ல நின்னோம். நாலுல சைக்கிள் படத்து மேல கார். ஒருத்தன் போன் பாக்குறான். ஒருத்தன் மூக்கு நோண்டுறான். ஒருத்தி பின்சீட்டுக் குழந்தைக்குப் பாட்டுப் பாடுறா. பாக்க நல்ல பொண்ணாத்தான் இருந்தா. பக்கத்துலயே ஒரு பையன் சைக்கிளோட பஸ் சக்கரத்தை ஒட்டி நிக்கிறான். அவ திரும்பிக்கூடப் பாக்கல."

கோட்டிலிருந்து மேசையில் சொட்டிய தண்ணீரைக் கையால் துடைத்தாள்.

"கேவலமா இருந்துச்சு. கண்ணாடியைத் தட்டிக் கத்தணும் போல இருந்துச்சு. அப்புறம்தான் உறைச்சுது, மேலேருந்து பாத்தா நானும் இப்படித்தானே தெரிஞ்சிருப்பேன்."

லெஸ்லி மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொள்ளவில்லை, ஆனால் தள்ளவும் இல்லை.

"லைசென்ஸ் திரும்பி வந்ததும் நான் அந்த வெள்ளைக்கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிப்பேன்" என்றாள். "போலீஸுக்குப் பயந்து இல்லை. அபராதத்துக்குப் பயந்து நிக்கிறவ, ஆள் இல்லாத இடத்துல மறுபடியும் ஏறி நிப்பா. அது சாயம் இல்லை, லெஸ். ஒருத்தி முழுசா வீடு போய்ச் சேரட்டும்னு விட்ட இடம். அதுல ஏறி நிக்கிறவ ரோட்டைப் பிடுங்கல, அந்த ஒருத்தியோட உயிரைப் பிடுங்குறா."