அடியில் ஒரு வெள்ளை

தேவயானி என்ற பெயரை ஜெனிஃபர் கணினித் திரையில் பதினோராவது முறையாகப் பெரிதாக்கினாள். பின்னால் நாற்காலியில் சாய்ந்திருந்த அந்தப் பெயருக்குரியவள், “இன்னும் கொஞ்சம்” என்றாள்.

“இதுக்கு மேல போனா எண்ணெய விட ஒம்பேரு பெருசாயிடும்.”

“ஆவட்டும்டி. எங்கப்பன் பேரே ரேஷன் கார்டுல மட்டும்தான் அச்சாயிகீது.”

ஜெனிஃபர் சிரிக்கவில்லை. செக்கு நல்லெண்ணெய்க்கான லேபிள் அது. சென்னைக் கடை ஒன்று முதல்முறையாக ஐயாயிரம் பாட்டில் கேட்டிருந்தது. சரியாக வந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வார்கள். ஒளிச்சு வைக்க ஒன்றுமில்லை, எண்ணெய் கண்ணுக்குத் தெரியட்டும் என்று தேவயானிதான் கண்ணாடி மாதிரியான ஸ்டிக்கரைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் இந்த டி.டி.பி. கடையில் ஆறு வருடத்துக்கு முன்னால் தேவயானியும் வேலை பார்த்தாள். இரண்டு பேருக்கும் மானாம்பதியில் ஒரே தெரு. இரண்டு பேரின் பெற்றோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். கல்யாணப் பத்திரிகைகளில் தேவயானி விடும் பிழைகளை முதலாளி பார்ப்பதற்குள் ஜெனிஃபர் திருத்திவிடுவாள். வேலையை விட்டு செக்கு போடப் போகிறேன், நீயும் வாடி, ரெண்டு பேரா போடலாம் என்று தேவயானி கூப்பிட்டபோது ஜெனிஃபர் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை தேவயானி மறந்துவிட்டாள் போலிருந்தது. அதுதான் ஜெனிஃபருக்குப் பொறுக்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டு எதையாவது குத்திப் பேசியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அவளோ வரும்போதெல்லாம் சூடான போண்டாவோடு வந்தாள்.

ஜெனிஃபரின் அம்மா பாக்கியமேரி இப்போது நடவுக்குப் போவதில்லை. தேவயானியின் கொட்டகையில் பாட்டிலுக்கு மூடி போடுகிறாள். “அந்தப் பொண்ணு எங்களுக்கு சேர் வாங்கிப் போட்டுகீது. ஒக்காந்துக்கினே வேலை” என்று தெருவில் ஒருவர் விடாமல் சொன்னாள். ஜெனிஃபர் வாங்கிக் கொடுத்த மிக்சியைப் பற்றியோ கட்டிலைப் பற்றியோ அவள் யாரிடமும் அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

மறுநாள் காலை ஜெனிஃபர் கோப்பை முடித்தாள். வேறு கணினியில் தமிழ் எழுத்து உடையாமலிருக்க எழுத்துகளையெல்லாம் வரைகோடுகளாக மாற்றினாள். கத்தி கொஞ்சம் விலகினாலும் ஓரம் வெளுக்காதபடி வெட்டுக்கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் நிறத்தை நீட்டினாள். பார்கோடு முழுக் கறுப்பில் இருக்கிறதா என்று பார்த்தாள். கடைசியாக வெள்ளை.

கண்ணாடி ஸ்டிக்கரில் மை மட்டும் அடித்தால் நிற்காது. கருத்த எண்ணெய்மேல் ஒட்டியதும் சிவப்பும் பச்சையும் உள்ளே போய்விடும். எழுத்துக்கும் எள்ளுப்பூப் படத்துக்கும் அடியில் முதலில் ஒரு பூச்சு வெள்ளை மை போக வேண்டும். அதைக் கோப்பில் தனி அடுக்காகச் செய்து கொடுப்பது டிசைனரின் வேலை. தேவயானி இருந்த காலத்தில் பத்திரிகையும் பேனரும்தான். இது அவளுக்குத் தெரியாது.

வெள்ளை அடுக்கை ஜெனிஃபர் செய்து முடித்திருந்தாள். அதன் பக்கத்தில் இருந்த கண் குறியை அழுத்தி மறைத்துப் பார்த்தாள். வெள்ளைத் திரையில் எதுவும் மாறவில்லை. கருஞ்சிவப்பில் பெயரும் எள்ளுப்பூவும் அப்படியே பளிச்சென்று இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அடுக்கை அழித்தாள்.

மதியம் தேவயானி வந்து, வெள்ளைத் தாளில் எடுத்த மாதிரிப் பிரதியில் கையெழுத்துப் போட்டாள். “நீ பாத்துகீற. நான் இன்னாத்த புச்சா பாக்கப்போறேன்?”

செங்கல்பட்டு அச்சகத்திலிருந்து அருள்தாஸ் சாயங்காலம் கூப்பிட்டார்.

“இன்னாமா, ஃபைல்ல வெள்ளையக் காணோம். மறந்துட்டியா, வோணும்னே வுட்டியா?”

ஒன்பது வருடத்தில் அவள் கோப்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதை அருள்தாஸே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். மறந்துட்டேன் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் தேவயானியின் பாட்டில் தப்பிக்கும். தேவயானியின் வேலையில் ஜெனிஃபர் தப்பு விட்டாள் என்றும் ஆகும்.

“பார்ட்டி வோணான்னுட்டாங்கண்ணா.”

“எண்ண பாட்டிலாச்சே?”

“சொல்லிப் பாத்தேன். கேக்கல.”

“சரி. அப்பறம் எந்தலையில கட்டாத.”

ஐந்தாம் நாள் தேவயானி ஸ்டிக்கர் சுருளோடு மாடியேறி வந்தாள். இன்னொரு கையில் அவள் வீட்டுச் சமையலறையிலிருந்து எடுத்துவந்த, பாதி தீர்ந்த எண்ணெய்ப் பாட்டில். வெள்ளைக் காகிதத்தின்மேல் வரிசையாக இருந்த லேபிள்கள் அழகாகத்தான் இருந்தன.

“ஒங்கம்மா கொட்டாய்ல ஒருத்தர வுடல. எம்பொண்ணு பண்ணது, எம்பொண்ணு பண்ணதுன்னு ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கு நேரா கொண்டும்போய் நீட்டிக்கினு கீது. மொத ஸ்டிக்கர ஒங்கிட்டதான் ஒட்டணும்னு எட்த்தாந்தேன்.”

“இப்ப வோணாம்டி. அப்பறம் ஒட்லாம்” என்றாள் ஜெனிஃபர்.

அதற்குள் தேவயானி ஒன்றை உரித்துவிட்டாள். பாட்டிலை மடியில் இடுக்கி, ஓரத்திலிருந்து குமிழ் விழாமல் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே போனாள். ஒட்டி முடித்து மேசைமேல் வைத்தாள். வெளியே காஞ்சிபுரம் பேருந்துக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

பூவின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. எண்ணெய் தொடங்கும் இடத்திலிருந்து கீழே ஒன்றுமில்லை.

தேவயானி முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். “நாந்தான கையெழுத்து போட்டேன்” என்றாள், தனக்கே சொல்வதுபோல. “இன்னாடி இது ஜெனி?”

ஜெனிஃபர் சுருளின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள்.

தேவயானி பாட்டிலைக் கையிலெடுத்து மெல்லச் சாய்த்தாள். எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கியது. வெறும் கண்ணாடியில் தே, வ, யா என்று ஒவ்வொரு எழுத்தாகச் சிவந்து வெளியே வந்தது. நிமிர்த்தினாள். எண்ணெய் அவசரமில்லாமல் திரும்பி வந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக மூடியது. அவள் மறுபடியும் சாய்த்தாள்.