பதினேழாம் எண்ணுக்கான குறிப்பு

காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று முறை தண்ணீர் குடித்தேன். இரண்டு முறை ப்ரொஜெக்டர் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். பள்ளியில் செயற்கை நுண்ணறிவைப் பொறுப்போடு பயன்படுத்துவது எப்படி என்று முப்பத்திரண்டு ஆசிரியர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டும். நானோ வரலாற்று டீச்சர். எனக்கும் கம்ப்யூட்டருக்கும் இருப்பது பக்கத்து வீட்டு உறவு. பார்த்தால் சிரித்துக்கொள்வோம், வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகமாட்டோம். போன வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு யார் போகிறீர்கள் என்று தலைமையாசிரியை ஸ்டாஃப் ரூமில் கேட்டபோது எல்லோரும் சட்டென்று குனிந்து நோட்டுத் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள். நான் குனியக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. என் தகுதி அவ்வளவுதான்.

போதாக்குறைக்கு அன்றைக்குத்தான் முன்னேற்ற அறிக்கை கொடுக்கிற நாள். மாடியில் எங்களுக்குப் பயிற்சி, கீழே பெற்றோருக்கு உறை. ஆசிரியர்கள் எல்லோரும் மேலே இருப்பதால் உறை கொடுக்கிற வேலை உடற்கல்வி ஆசிரியர் தலையில் விழுந்தது. அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில் சார். உறை கொடுப்பதைப் பதினொரு மணிக்கு ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

பத்தரைக்குத் திரையில் என் முதல் விதி மின்னியது. பிள்ளைகளின் சொந்த விஷயத்தை மெஷினிடம் சொல்லாதீர்கள். முன்வரிசையில் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கணக்கு சார் உடனே வாயைத் திறந்தார். அவர் திறக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

"பேர் சொல்லக் கூடாது, வீட்டு விஷயம் சொல்லக் கூடாது. அப்புறம் எதைச் சொல்லி ரிமார்க்ஸ் எழுதித் தரச் சொல்றது மேடம்?"

"எழுதலாம் சார். நான் எழுதியிருக்கேன். காட்டவா?"

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர் சிரித்த சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று வாரம் முன்பு, பயிற்சிக்குப் போவதற்கு முன்னாலேயே, என் வகுப்பு நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் நான் மெஷினை வைத்துத்தான் குறிப்பு எழுதியிருந்தேன். என்னிடம் ஒரு நீள நோட்டு உண்டு. ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கம். இடது பக்கத்தில் மதிப்பெண், வருகை, வகுப்பில் எப்படி என்பதெல்லாம். வலது பக்கம் எனக்கு மட்டும். எந்தப் பிள்ளை எதற்கு அழுதது, எதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று பென்சிலில் குட்டி எழுத்தில் எழுதி வைப்பேன். இடது பக்கங்களை மட்டும் போனில் படம் எடுத்துக் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் நாற்பத்தொரு குறிப்பும் வந்து விழுந்தன.

"பாருங்க, எங்கயாவது பேர் இருக்கா? வெறும் நம்பர்தான். யார் பிள்ளைன்னு அதுக்குத் தெரியவே தெரியாது."

"எல்லாத்தையும் படிச்சுப் பார்த்தீங்களா?" கணக்கு சார் விடுவதாக இல்லை.

"பின்ன? படிக்காமலா கையெழுத்துப் போடுவேன்?"

எட்டு படித்தேன். எட்டும் தேனாக இருந்தன. ஒன்பதிலிருந்து கையெழுத்துதான்.

குறிப்புகளைத் திரையில் போட்டு மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன். உயிரியல் டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "பதினேழு. வாசிப்பில் நல்ல முன்னேற்றம். வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் நூலக அறையில் தாயாருடன் செலவிடும் நேரம் மாணவிக்கு மிகுந்த உற்சாகம் அளிக்கிறது. பெற்றோர் இதைத் தொடர்ந்து ஊக்குவிக்க வேண்டுகிறோம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எவ்வளவு அன்பா எழுதியிருக்கு! எனக்குக்கூட இப்படி வராது."

அந்தக் குறிப்பைச் சட்டென்று திரையிலிருந்து தள்ளிவிட்டேன்.

பதினேழு என்றால் பூனை. நடந்தால் சத்தமே கேட்காது என்பதால் வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும். இரண்டு வருடம் முன்பு அவள் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். நகரத்தின் இன்னொரு மூலையில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. வாரத்தில் வியாழன் ஒரு நாள் ஓய்வு. அவரை இனி பார்க்கவும் கூடாது, பேசவும் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. வருட ஆரம்பத்தில் பூனை என் மேசைக்கு வந்து நின்று, "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னா ஒண்ணு கேக்கட்டுமா மிஸ்?" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். அம்மாவைப் பள்ளியிலேயே பார்க்க முடியுமா என்று கேட்டாள். அன்றிலிருந்து வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில், மற்றவர்கள் விளையாடப் போகும்போது, அவளை நூலக அறைக்கு அனுப்பிவிடுவேன். முக்கால் மணி நேரம் அவளும் அம்மாவும் இருப்பார்கள். அது சரியா தவறா என்று நான் ஆற அமர யோசிக்கவில்லை. திரும்பி வரும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் போதும், யோசிக்கத் தோன்றாது.

அது வலது பக்கச் சங்கதி. எப்படிப் படத்துக்குள் போனது என்று யோசித்தால், போகாமல் என்ன செய்யும்? நோட்டின் நடுப்பகுதி விரிந்து நிற்காமல் அடிக்கடி மூடிக்கொண்டது. எரிச்சலில் அமுக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் தெரிய எடுத்துத் தள்ளியிருக்கிறேன். பென்சில் எழுத்தை மனிதர்களே படிக்கச் சிரமப்படுவார்கள், அது படித்துவிட்டது. படித்ததோடு நிற்காமல் வாழ்த்தும் சொல்லிவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று எட்டு.

"மெஷின்கிட்ட எதைச் சொன்னா யாருக்கு என்ன கெடுதல் வரும்னு நாலு நாலு பேரா பேசி எழுதுங்க. பத்து நிமிஷம்." சொல்லி முடிப்பதற்குள் நான் வாசலைத் தாண்டிவிட்டேன். "எங்க மேடம்?" என்று பின்னால் கணக்கு சார் கேட்டார். படிக்கட்டில் செருப்பு வழுக்கியது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கீழே வரிசை நீண்டிருந்தது. விசில் சார் உறைகளை வகுப்பு வாரியாக அடுக்கி வைத்திருந்தார். மனிதருக்கு இந்த ஒழுங்கு என்றைக்கு வந்ததோ.

"என் கிளாஸ் பதினேழு எங்க சார்?"

"அது போயாச்சே மேடம். அவங்க அப்பா முதல் ஆளா வந்து வாங்கிட்டாரு. பொண்ணும் கூடத்தான் இருந்தா. ஏன், கையில செருப்பு?"

பூனையின் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். எவ்வளவு சின்ன எழுத்தையும் விட்டுவைக்க மாட்டார். சைக்கிள் நிறுத்துமிடத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் அறிக்கை விரிந்து கிடந்தது. பக்கத்தில் பூனை நின்றிருந்தாள். அவள் தலை குனியவில்லை. நான் ஓடி வருவதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அதுல ஒரு மார்க் தப்பா ஏறிடுச்சு. குடுங்க, மாத்தித் தர்றேன்."

"மார்க் எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குறிப்பின்மேல் விரலை வைத்தார். "இங்க தாயார்னு போட்டிருக்கு. எந்தத் தாயார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பூனை பேசினாள்.

"அதான் சொன்னேனேப்பா. மிஸ் மெஷின்ல எழுதினாங்க. அது தெரியாததை எல்லாம் தானா அடிச்சு விடும். போன வாரம் மிஸ்ஸே கிளாஸ்ல சொன்னாங்க."

சொன்னேன்தான். பயிற்சி முடிந்து வந்த சூட்டில் கரும்பலகையில் எழுதிப் போட்டே சொன்னேன். பாடத்தைக் கவனிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அன்றைக்கு அவளைத் திட்டியும் வைத்தேன்.

"அப்படியா மேடம்?" என்றார். "மெஷின் அடிச்சு விட்டதா? இல்ல, நிஜமா?"

மெஷின் ஒரு எழுத்தையும் கற்பனை செய்யவில்லை. நான் எழுதியதை அப்படியே சொன்னது. உண்மையைச் சொன்னால் அன்றோடு வியாழக்கிழமை போயிற்று. பொய் சொன்னால் பழி, வாயில்லாத ஒன்றின் மேல் போகும். எனக்கு என்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமா சார். அதுவா கற்பனை பண்ணி எழுதினது."

"நீங்க படிக்காம கையெழுத்துப் போட்டுட்டீங்க."

"ஆமா." நான் அவரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "எழுதிக் குடுங்க." உறையின் பின்பக்கம் எழுதினேன். இந்தக் குறிப்பு உண்மையல்ல, சரிபார்க்காமல் கையொப்பமிட்டேன். இரண்டு முறை வாசித்துவிட்டு மடித்தார். "எச்.எம்.கிட்ட காட்டணும். தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல இல்லாத ஆளை யாரும் இருக்கிற மாதிரி எழுதக் கூடாது." கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. அந்த மனிதரை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் அலுவலகத்துக்குள் போனதும் நாங்கள் இருவரும்தான்.

"மன்னிச்சிடும்மா. நோட்டுல குறிச்சு வெச்சிருந்தேன். படம் எடுக்கிறப்ப அதுவும் சேர்ந்து போயிடுச்சு."

"எதுக்கு மிஸ் குறிச்சு வெச்சீங்க?"

"மறந்திடக் கூடாதுன்னு."

"நான் எங்கயும் எழுதி வெக்கல," என்றாள்.

"எப்பவும் போல நான் அனுப்பி வைக்கிறேன். இந்த வியாழக்கிழமை..." என்று ஆரம்பித்தேன்.

"எந்த வியாழக்கிழமை மிஸ்?" கண் இமைக்கவில்லை. அப்பாவிடம் பேசினாளே, அதே பச்சைப்பிள்ளைக் குரல். "அது மெஷின் எழுதினதுதானே?"

செருப்பை மாட்டிக்கொண்டு மாடி ஏறினேன். தலைமையாசிரியை எனக்கு முன்னால் போய் நின்றிருந்தார், கையில் என் கையெழுத்தோடு. திட்டவில்லை. அவருடைய முறை வேறு. "டீச்சர், நடந்ததை நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்க. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது," என்றார். முப்பத்திரண்டு முகங்கள் என்னைப் பார்த்தன. உண்மையை அங்கே சொன்னால் சாயங்காலத்துக்குள் கண்ணாடிக் கடை வரை போய்விடும். ஆகவே சொன்னேன், ஒரு பிள்ளைக்கு மெஷின் இல்லாத அம்மாவை எழுதிவிட்டது, நான் படிக்காமல் விட்டுவிட்டேன் என்று. உயிரியல் டீச்சர் உச்சுக்கொட்டினார். கணக்கு சார் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், மெஷின் பொய் சொல்லும். பொறுப்பைக் கற்றுக்கொடுக்க வந்தவள் முப்பத்திரண்டு பேருக்கும் பொய்யான உதாரணத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

வியாழக்கிழமை கடைசி மணி அடித்ததும் வகுப்பு மைதானத்துக்கு ஓடியது. பூனையும் ஓடினாள். நூலக அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில் நின்று, விசில் சார் தூக்கிப் போட்ட பந்தைப் பிடித்து, ரொம்ப நாளாக விளையாடுகிறவள் போலத் திருப்பி வீசினாள். நான் வராந்தாவில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். அவளைக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை.

நூலக அறையில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். சோப்பில் வெளுத்துப்போன விரல்கள். மேசையில் ஒரு புத்தகத்தைத் திறந்து, எதிரே இருந்த நாற்காலிக்கு முகம் காட்டி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தார்.

"பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா மேடம்?"

"நல்லா இருக்கா. கீழே விளையாடிட்டு இருக்கா."

"அப்ப வருவா," என்று மறுபடி உட்கார்ந்தார்.

அந்த நாற்காலியில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "வர மாட்டாம்மா. அவ என்கிட்ட சொன்னதை நான் வெளிய சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?" என்று கேட்டார்.

மெஷின் என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது. நான் அதை விழுங்கிக்கொண்டு, நோட்டு, படம், படிக்காமல் போட்ட கையெழுத்து என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை மைதானத்திலிருந்து பிள்ளைகளின் கூச்சல் வந்தபோது, அதில் தன் மகளின் குரல் இருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்.