மூன்றாம் தரம் கேட்டால்தான்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ரானுயி என்ற புறநகரில் அந்த வீட்டைத் திறந்த அன்றைக்கு வசந்தமலரும் போயிருந்தாள். வீடு நகரசபையுடையது, நடத்துவது ஒரு தொண்டு அமைப்பு. புத்தி வளராத ஐந்து பெரிய ஆட்கள் ஆஸ்பத்திரி வார்டில் அடைபட்டுக் கிடக்காமல், ஆளுக்கொரு அறையில் மனிதராக வாழலாம் என்று சபைக்காரர் ஒருவர் பேசினார். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் எல்லோரும் கைதட்டியபோது பக்கத்து வீட்டுக் கிழவர் மட்டும் வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, உள்ளே போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த ஐந்து பேரில் ஒருவன் அவளுடைய தம்பி சோதிலிங்கம். வயது முப்பத்திநாலு, புத்தி ஏழு வயதுப் பிள்ளையுடையது. எண்பத்திமூன்று கலவரத்தில் கொழும்பில் வீட்டைக் கொளுத்தியபோது உள்ளே அகப்பட்டவன். தாய் அதிலே போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து ஒரு தீக்குச்சியைக் கண்டாலும் மேசைக்குக் கீழே புகுந்து காதைப் பொத்திக்கொள்வான். பக்கத்து ஊரான ஹென்டர்சனில் தையல் வேலைக்குப் போகும் வசந்தமலர் அவனை எத்தனை நாளைக்குத்தான் வீட்டில் பூட்டி வைப்பாள்?

அயலவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். ஆறு மாதம் பார்ப்போம், யார்மீதாவது ஒரு குற்றம் உறுதியானால் அந்த ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று நகரசபை எழுதிக்கொடுத்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியை அவள் ஒருதரம் பார்த்திருக்கிறாள். கதவுகளுக்கு உள்பக்கம் கைபிடியே கிடையாது.

மூன்றாவது ஞாயிறு அவள் பார்க்கப் போனபோது சோதியின் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுப்பாக இருந்த ஹெதர் அமைதியாக ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். காலை, மதியம், இரவு, எல்லாவற்றுக்கும் நேரே 'வேண்டாம் என்றார்' என்று எழுதியிருந்தது.

"இங்கே யாரையும் வற்புறுத்த மாட்டோம். அவருடைய விருப்பத்தை மதிக்கிறோம்," என்றாள் ஹெதர். முகத்தில் பெருமை வேறு!

அன்று மதியம் வசந்தமலர் மேசையில் கூட இருந்து பார்த்தாள். "சூப் வேணுமா?" என்று ஹெதர் கேட்டாள். "நோ, தாங்க் யூ," என்றான் சோதி. மேசைக்குக் கீழே அவனுடைய ஒரு விரல் நிமிர்ந்தது. ஹெதர் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அவன் விரலை மடக்காமல், பானை போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

ஐயோ, அம்மா பழக்கிய பழக்கம்! பிறத்தியார் வீட்டில் ஒருதரம் கேட்டவுடன் கை நீட்டக்கூடாது, விரல்விட்டு எண்ணி மூன்றாம் தரம் கேட்டால்தான் வாங்கவேண்டும். எங்கள் ஆட்களில் யார்தான் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் வளர்த்தார்கள்? இரண்டாம் தரமே கேட்காத ஊரில் அவன் மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்து பட்டினி கிடந்திருக்கிறான். வசந்தமலர் குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்று தரம் கேளுங்கள் என்று ஹெதரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதென்ன விசர்ப் பழக்கம் என்று வெள்ளைக்காரி நினைப்பாளே என்ற வெட்கம். ஹெதரை மாற்றுவதைவிடத் தம்பியை மாற்றுவது லேசு என்று நினைத்தாள். பாழாய்ப்போன வெட்கம்!

ஒரு பிஸ்கட் பெட்டியோடு அவனுடைய அறையில் போய் இருந்தாள். "சோதி, இஞ்ச ஆர் என்ன கேட்டாலும் உடன 'யெஸ்' எண்டு சொல்லோணும்."

"மூண்டு தரம் இல்லையோ அக்கா?"

"இல்லையடா. ஒருதரம்தான்."

"ஆர் கேட்டாலுமோ?"

"ஓம் ராசா, ஆர் கேட்டாலும்."

பெட்டி முடியும்வரை பழக்கினாள். கேட்கக் கேட்க 'யெஸ்' சொன்னான், சொல்லச் சொல்ல பிஸ்கட் கிடைத்தது. இரண்டு மாதத்தில் கன்னத்தில் சதை வைத்து, ஆள் பழைய சோதியாகிவிட்டான்.

ஒரு நாள் ஹெதர் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பக்கத்து வீட்டுக்காரர்கூட இப்போது இவரோடு பேசுகிறார். எதைக் கேட்டாலும் 'யெஸ்'தான்!"

"என்ன கேட்கிறார்?"

"சும்மாதான். என்னுடைய தோட்டத்து ஷெட் உனக்குப் பிடிக்குமா, உள்ளே போய்ப் பார்க்க ஆசையா என்று."

வசந்தமலர் எழுந்து போய் ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். கிழவர் ஷெட்டுக்குள்ளிருந்து புல்வெட்டும் இயந்திரத்தையும் சாமான் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தன் வீட்டுக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அவள் பார்ப்பதைக் கண்டு கையை உயர்த்தி வணக்கம் வேறு காட்டினார். வேலியடிக்குப் போகாதே என்று சோதியிடம் சொன்னாள். அதற்கும் 'யெஸ்' என்றான்.

ஐந்தாம் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் டெலிபோன் வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது ஷெட் இருந்த இடத்தில் கரியும் வளைந்த தகரமும்தான் கிடந்தன. வாசலில் பொலிஸ் கார். கிழவர் முதல் நாள் நின்ற அதே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே சாப்பாட்டு மேசைக்குக் கீழே சோதி காதைப் பொத்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

"ஒத்துக்கொண்டுவிட்டார்," என்றார் பொலிஸ்காரர். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் இவரைத்தான் காட்டினார். நீதான் கொளுத்தினாயா என்று கேட்டேன். 'யெஸ்' என்றார்." அவர் எழுதிய தாளை ஹெதர் கண்ணீரோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன் எல்லாத்துக்கும் 'யெஸ்' சொல்லுவான்!" வசந்தமலர் கத்தினாள். "நெருப்பெண்டால் அவனுக்கு உயிரே போயிடும்! எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவான், பழக்கி வச்சிருக்கு!"

"யார் பழக்கியது?" என்று பொலிஸ்காரர் பேனாவை எடுத்தார்.

அவளுடைய குரலைக் கேட்ட சோதி மேசைக்குக் கீழிருந்து தவழ்ந்து வெளியே வந்தான். முகமெல்லாம் கண்ணீர். அக்காவைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்தது. ஒரு விரலை நிமிர்த்திக் காட்டினான்.

"அக்கா, பொலிஸ் மாமா ஒருதரம்தான் கேட்டவர். நான் உடன 'யெஸ்' எண்டு சொல்லிப்போட்டன்," என்றவன், பிஸ்கட்டுக்காகக் கையை நீட்டினான்.